இரண்டு தட்டு தட்டுங்க!

இரவு மணி ஒன்பதரை. சயான் கோலிவாடாவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. அறையில் விளக்கு இல்லை. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். கையில் செல்போன். அதன் திரையும் இருட்டு. ஆனால் போன் மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. அது பேசுகிற வேகத்தில் கண்ணுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. பெரியவருக்கு எல்லாம் பிடிபடுகிறது.

திடீரென்று ஒரு புதுக் குரல். “வண...” என்கிறது. அறுந்துவிடுகிறது. சற்றுப் பொறுத்து மறுபடியும், “வணக்...” அதுவும் அறுந்துவிட்டது.

பெரியவர் சிரிக்கிறார். “விரலைச் சீக்கிரமா எடுக்காரு. புதுசுல்லா!”

என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் சொல்லவில்லை. இன்னொருவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார். அரை நிமிஷத்தில் அந்த இன்னொருவரின் குரல் வருகிறது.

“ஐயா, பயப்படாதீங்க. மைக் பட்டன் மேல ரெண்டு தட்டு தட்டுங்க. ரெண்டாவது தட்டுல விரலை எடுக்காம அப்படியே அமுக்கிப் புடிச்சுக்கிட்டுப் பேசுங்க. பேசி முடிச்ச பொறவு எடுங்க. அவசரமே இல்ல. நாங்க எங்கேயும் போயிர மாட்டோம்.”

சொன்னவர் தாராவியைச் சேர்ந்த தையல்காரர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இதே குழுவில் இதே போல “வண... வணக்...” என்று தடுமாறியவர் அவர்தான். அதற்கும் முன்னால் ஆறு மாதம் வீட்டு வாசற்படியைத் தாண்டாமல் இருந்தவர்.

மும்பை, புனே, பெங்களூர், சென்னை என்று பல ஊர்களில் வேலை பார்க்கும் பார்வையற்ற தமிழர்கள் இரவு நேரத்தில் செல்போன் மூலம் ஒன்றுகூடிப் பேசும் குழு இது. இதற்குத் தலைவர் கிடையாது, சந்தா கிடையாது, போர்டு கிடையாது. புதிதாக வருகிறவரை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதில் மட்டும் கண்டிப்பான வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெரியவர். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியில் படித்து, மும்பைக்கு வந்து, ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவில் எல்லோருக்கும் அவர் ‘ஆபரேட்டர் அண்ணாச்சி’.

ஊசியில் நூல் கோர்க்க முடியாத நாள்

தையல்காரருக்குச் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். பதினெட்டு வயதில் மும்பைக்கு வந்தவர். தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மெஷினோடு தொடங்கி மூன்று மெஷின் வரை வளர்ந்தார். மனைவி, ஒரே மகள்.

நாற்பத்தைந்து வயதில் ஊசியில் நூல் கோர்ப்பது சிரமமாயிற்று. வயசுக் கோளாறு என்று நினைத்து நடைபாதைக் கடையில் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டார். பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி இருந்தது. அதற்கும் கண்ணுக்கும் சம்பந்தம் உண்டென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அல்லது சொன்னது காதில் ஏறவில்லை.

சர்க்கரை கண்ணின் பின்புறத் திரையில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. ஆரம்பத்தில் வலி இல்லை, மங்கலும் தெரிவதில்லை. தெரிய வரும்போது பெரும் சேதம் நடந்து முடிந்திருக்கும். சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கண்ணைக் காட்ட வேண்டும் என்று டாக்டர்கள் வற்புறுத்துவது இதனால்தான். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் இந்த ஒரு பாராவையாவது இரண்டு தடவை படித்துவிடுவது நல்லது.

தையல்காரருக்கு முதலில் இடது கண் போயிற்று. எட்டு மாதத்தில் வலது கண்ணும் போயிற்று. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும்; அவ்வளவுதான். மெஷின்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. மனைவி ஒரு கம்பெனிக்குப் பட்டன் வைத்துக் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள் அப்பாவுக்குக் கண்ணாக ஆனாள். போன் வந்தால் அவள் எடுக்க வேண்டும். பணம் எண்ண அவள் வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக அவள் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், பிறகு மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களுக்கும், நடுவயதில் இழந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பள்ளியில் படித்து வளர்ந்த பையனுக்குப் பிரெய்ல் தெரியும், வெள்ளைக் கோல் பிடிக்கத் தெரியும், தன்னைப் போல நூறு பேரைத் தெரியும். நாற்பத்தைந்தில் பார்வை போனவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்த உலகம் முழுவதும் கண்ணுள்ளவர்களின் உலகம். அதிலிருந்து வெளியே தள்ளப்பட்டாயிற்று. வேறோர் இடம் இருப்பது தெரியாது. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் என்று பதிவானவர்கள் இந்தியா முழுவதும் சுமார் 50 லட்சம் பேர். நம் தையல்காரர் தன்னை அந்தக் கணக்கில் சேர்க்கவே ஒப்பவில்லை. “எனக்குக் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கோல் வாங்கித் தருகிறேன் என்ற மைத்துனரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பெட்டியில் கேட்ட தமிழ்

மும்பை லோக்கல் ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பெட்டி உண்டு என்பது வாசகர்களுக்குத் தெரியும். பிளாட்பாரத்தில் அந்தப் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் ‘பீப், பீப்’ என்று ஓர் ஒலி கேட்கும். தினமும் அதைக் கடந்துபோகும் நம்மில் எத்தனை பேர் அது எதற்கென்று யோசித்திருக்கிறோம்? பார்வையற்றவர் அந்த ஒலியைப் பிடித்துப்போய் நின்றால் வண்டி நின்றதும் கதவு எதிரே இருக்கும். ஒலி கேட்காத நாளும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் ரயிலில் பேனாவும் சாவி வளையமும் விற்கும் பார்வையற்ற வியாபாரிகளின் குரல்தான் அடையாளம். இந்த நகரத்து ரயில் பாதைகளை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் ரயில்வேயிலேயே குறைவு.

ஒரு நாள் தையல்காரரை அவர் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துக்கொண்டு அந்தப் பெட்டியில் ஏறினார். ஏறியதிலிருந்து சண்டை. “என்னை ஏன் இந்தப் பெட்டியில ஏத்துனே? நான் என்ன நொண்டியா, குருடா?” என்று கத்தினார். எதிரில் இருந்த ஓர் இளைஞர் மெதுவாகக் கேட்டார்: “அண்ணாச்சிக்கு எந்த ஊரு? திருநவேலிப் பக்கமா?”

அந்த இளைஞர் கோவில்பட்டிக்கு அருகில் ஒரு கிராமத்துக்காரர். பிறவியிலேயே பார்வை இல்லை. வங்கித் தேர்வு எழுதிக் குமாஸ்தா வேலை கிடைத்து மும்பைக்கு வந்தவர். இரண்டு ஸ்டேஷன் வரை ஊர்ப் பேச்சு நடந்தது. எதிரில் இருப்பவருக்கும் பார்வை இல்லை என்று தையல்காரருக்கு அதுவரை தெரியாது. இறங்கும்போது கோல் தரையில் தட்டுப்படும் சத்தம் கேட்டதும்தான் தெரிந்தது. வாய் அடைத்துப் போயிற்று. இளைஞர் போகிற போக்கில் ஆபரேட்டர் அண்ணாச்சியின் போன் நம்பரை அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பது தடவை அடித்த மணி

மறுவாரமே அண்ணாச்சி கோலைத் தட்டிக்கொண்டு தாராவிச் சந்துக்குள் வந்து சேர்ந்தார். துணைக்கு யாரும் இல்லை. வந்தவர் ஆறுதல் சொல்லவில்லை. “உம்ம போன் எங்கவே?” என்றார்.

இன்றைய செல்போன்களில் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வசதி உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் அதற்கு டாக்பேக் என்று பெயர்; ஐபோனில் வாய்ஸ்ஓவர். இரண்டுமே 2009ஆம் ஆண்டில் வந்தவை. தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பல ஆண்ட்ராய்டு போன்களில் சத்தத்தைக் கூட்டும் பட்டனையும் குறைக்கும் பட்டனையும் சேர்த்து மூன்று விநாடி அமுக்கினால் டாக்பேக் பேச ஆரம்பித்துவிடும். பிறகு திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறதென்று போன் சொல்லும். ஒரு தடவை தொட்டால் பெயர் மட்டும். அது வேண்டுமென்றால் இரண்டு தட்டு. விரலை வலது பக்கம் வழித்துவிட்டால் அடுத்தது, இடது பக்கம் வழித்தால் முந்தையது.

கேட்கச் சுலபம். ஆனால் முதல் முதலில் இதை எதிர்கொள்பவருக்குப் போனில் பேய் புகுந்த மாதிரி இருக்கும். தொட்டதற்கெல்லாம் பேசும், கேட்டதைச் செய்யாது. வீட்டில் கண்ணுள்ளவர்கள் கையில் அகப்பட்டாலோ இன்னும் மோசம். வழக்கம்போல ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார்கள், வேலை செய்யாது. “போன் கெட்டுப் போச்சு” என்று அந்த வசதியையே அணைத்து வைத்துவிடுவார்கள். தையல்காரர் வீட்டிலும் முதல் நாள் சாயங்காலம் அதுதான் நடந்தது. மகள் நல்ல எண்ணத்தோடுதான் அணைத்தாள்.

முதல் நாள் அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு பாடம். வருகிற போனை எடுப்பது. இரண்டு விரலைச் சேர்த்துத் திரையில் எங்கே வேண்டுமானாலும் இரண்டு தட்டு. வேறொன்றும் இல்லை. சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தெருமுனை டீக்கடையில் நின்றுகொண்டார். அங்கிருந்து போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். ஓய்ந்தது. மகள் எடுக்க ஓடி வந்தாள். அண்ணாச்சி வாசலில் முன்கூட்டியே அவளைத் தடுத்துச் சொல்லியிருந்தார்: “பாப்பா, நீ தொடக் கூடாது. வீடு தீப்பிடிச்சாலும் தொடக் கூடாது.”

ஒன்பது தடவை மணி அடித்து ஓய்ந்தது. பத்தாவது தடவை, “அலோ” என்றார் தையல்காரர்.

“என்னவே, தூங்கிட்டீரா?” என்று கேட்டார் அண்ணாச்சி. அந்தப் பக்கம் பதில் இல்லை. அழுகிறார் என்று தெரிந்தது. அண்ணாச்சி ஒரு டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் மறுபடி அந்த வீட்டுக்குள் போனார்.

அடுத்த பாடம் போன் போடுவது. மூன்றாவது வாரம் குழுவில் சேர்த்தார். முதல் செய்தி “வண...” என்று போயிற்று.

திட்டினால் திரும்பி வரமாட்டார்

குழுவுக்குள் வருகிறவருக்கு முதல் பத்துப் பதினைந்து நாள் ஒரு கூட்டாளி உண்டு. எந்த நேரமும் அவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். பேசும் முன் ஒவ்வொருவரும் பெயரையும் ஊரையும் சொல்லவேண்டும். முகம் தெரியாத சபையில் குரல் பழகும்வரை அது அவசியம். படம் அனுப்பினால் படத்தில் என்ன இருக்கிறதென்று வாயால் சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கண்டிப்பான வழக்கம், புதியவரின் கேள்விக்கு ‘ஏற்கெனவே சொன்னோமே’ என்று பதில் சொல்லக்கூடாது என்பது. இது ஒரு தவறிலிருந்து பிறந்தது. சில வருஷங்களுக்கு முன் கல்யாணிலிருந்து ஒருவர் சேர்ந்தார். மில்லில் வேலை பார்த்தவர், வயது அறுபதுக்குப் பக்கம். ஒரே சந்தேகத்தை நான்காவது தடவையாகக் கேட்டார். யாரோ ஓர் இளைஞர், “நேத்துதானே சார் சொன்னோம், கவனிக்கலையா?” என்றார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவருக்கு என்ன அலுப்போ! மில்காரர் அன்றே குழுவை விட்டு விலகிவிட்டார். அண்ணாச்சி பல நாள் போன் செய்து பார்த்தார். எடுக்கவே இல்லை. “அந்த மனுசன் இப்ப எப்படி இருக்காரோ” என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்.

தவறுகள் நடக்கும். புதியவர் ஒருவர் நேரம் பார்க்க முயன்று இரவு ஒன்றரை மணிக்குக் குழு முழுவதையும் எழுப்பிவிட்டார். எல்லோர் வீட்டிலும் ஒரே நேரத்தில் மணி. கோபித்துக்கொண்டவர் யாரும் இல்லை. விழித்தது விழித்தாயிற்று என்று ஆறேழு பேர் இருபது நிமிஷம் பேசிவிட்டுத்தான் படுத்தார்களாம்.

விளையாட்டில்லாத விஷயங்களும் உண்டு. வங்கியிலிருந்து வரும் ரகசிய எண்ணைப் போன் உரக்கப் படித்துவிடும். கூட்டமான ரயிலில் இது ஆபத்து. ஆகவே இயர்போன் அவசியம். அதுவும் ஒரு காதில்தான். மற்றக் காது தெருவுக்கும் வண்டிக்கும் வேண்டும். திரையை இருட்டாக்கி வைக்கும் வசதியையும் இரண்டாம் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பெண்கள் சேர்ந்தால் கூட்டாளி கட்டாயம் ஒரு பெண்தான். குழுவுக்கு வெளியே தனியாகப் போன் செய்து தொல்லை கொடுத்த ஓர் ஆளை ஒரு முறை வெளியேற்றியிருக்கிறார்கள்.

ஆறு புள்ளியும் இரண்டு ஆஸ்திரேலியர்களும்

பார்வையற்றவர்களுக்கு வழி காட்டியவர்களில் பலர் பார்வையற்றவர்களே என்பதை அண்ணாச்சி அடிக்கடி நினைவூட்டுவார். 1824ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், ஆறு புள்ளிகளைக் கொண்டு எழுத்து முறையை உருவாக்கிய லூயி பிரெய்ல் மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் ஊசி குத்திப் பார்வை இழந்தவர். அவர் படித்த பாரிஸ் பள்ளியின் நிர்வாகம் அந்த எழுத்தைத் தடுத்த காலத்திலும் மாணவர்கள் ஒருவருக்கொருவர் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்து அதைக் காப்பாற்றினார்கள். பிரெய்ல் இறந்தது 1852இல். அந்தப் பள்ளி அதை முறையாக ஏற்றுக்கொண்டது அதற்கு இரண்டு வருஷம் கழித்து.

கம்ப்யூட்டர் கதையும் இப்படித்தான். திரையைப் படித்துச் சொல்லும் ‘ஜாஸ்’ என்ற மென்பொருளைத் தொடங்கிய டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர், மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து கார் விபத்தில் பார்வை இழந்தவர். அது நல்ல மென்பொருள். ஆனால் விலை சாமானியருக்கு எட்டாது. 2006ஆம் ஆண்டில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் ‘என்.வி.டி.ஏ.’ என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். அவர் நண்பர் ஜேம்ஸ் டே, அவரும் பார்வையற்றவர், சேர்ந்துகொண்டார். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். இன்று நம் ஊர்ப் பையன்கள் அலுவலகங்களில் வேலை பார்ப்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

மும்பைத் தமிழர்கள் அறிய வேண்டிய ஒரு வேடிக்கையும் உண்டு. 1951ஆம் ஆண்டில் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெய்ல் வகுக்கப்பட்டது. தமிழ் ‘க’வுக்கு என்ன புள்ளிகளோ, இந்தி, மராத்தி ‘க’வுக்கும் அதே புள்ளிகள். கோவில்பட்டி இளைஞர் மும்பைக்கு வந்த முதல் மாதத்திலேயே பிரெய்லில் எழுதிய மராத்திச் சொற்களைத் தடவித் தட்டுத் தடுமாறிப் படித்துவிட்டார். தமிழில் இல்லாத சில எழுத்துகள்தான் இடறின. இருபது வருஷமாக இங்கே இருந்துகொண்டு பஸ் போர்டை இன்னும் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிற நம்மவர்கள் எத்தனையோ பேர்!

சும்மா இருந்து வாங்கும் சம்பளம்

அந்த இளைஞரும் ஒரு காலத்தில் புதியவரே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலைகளில் 4 சதவீதம் ஒதுக்கி, அதில் பார்வையற்றவர்களுக்கும் குறைபார்வை உள்ளவர்களுக்கும் 1 சதவீதம் தருகிறது. வேலை கிடைத்து வந்தார். கிளையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். கம்ப்யூட்டர் தந்தார்கள், அதில் பேசும் மென்பொருள் இல்லை. வெளியிலிருந்து எதையும் ஏற்றக்கூடாது என்பது விதி. மேலாளர் நல்ல மனிதர். “நீ சும்மா உட்கார்ந்திரு தம்பி, சம்பளம் வந்துவிடும்” என்று இந்தியில் சொன்னார். ஐந்து வாரம் சும்மா உட்கார்ந்திருந்தார். மதியம் சாப்பிடுவதும் மாலையில் வீடு திரும்புவதும்தான் வேலை. ஊருக்கே போய்விடலாம் என்று முடிவு செய்து டிக்கெட்டும் எடுத்துவிட்டார்.

இதைக் குழுவில் சொன்ன இரவு அண்ணாச்சி கோபத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். வேலை தராமல் சம்பளம் தருவது அவரைப் பொறுத்தவரை வேலையைப் பிடுங்குவதைவிடக் கேவலம். வேறொரு வங்கியில் வேலை பார்க்கும் பெங்களூர் அன்பர் ஒருவர் அன்றிரவே உட்கார்ந்து விண்ணப்பம் எழுத உதவினார். ஊழியருக்குத் தேவையான நியாயமான வசதிகளை அரசு நிறுவனம் செய்து தரவேண்டும் என்று அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் குறிப்பிட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்கள். மூன்று வாரத்தில் அனுமதி வந்தது, மென்பொருள் ஏறியது. இன்று அந்தக் கிளையில் கணக்குச் சரிபார்ப்பில் அவர்தான் வேகம். நாகர்கோவில் வண்டி டிக்கெட்டை ரத்து செய்ததில் போன பணத்தை மட்டும் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

சட்டத்தால் தீராதவையும் இருந்தன. வங்கிக் கணக்கு, சிம் கார்டு என்று எதற்கு மனுப் போட்டாலும் போன் கேமரா முன்னால் முகத்தைக் காட்டி ‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்று கேட்கிறார்கள். சிமிட்ட முடியாதவர், கேமரா எங்கே என்று தெரியாதவர் என்ன செய்வார்? ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வழங்கியது. டிஜிட்டல் சேவைகளைப் பயன்படுத்தும் உரிமை உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று சொல்லி, இந்த முறைகளை எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்ற 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. குழுவில் அன்று இரவு தூக்கமில்லை.

கண்ணுள்ளவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. பெரிய தியாகம் தேவையில்லை. நம் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் கோயில் கொடைக்கும் அழைப்பை அழகான படமாக அனுப்புகின்றன. பார்வையற்றவரின் போன் ‘படம்’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். படத்தைப் படிக்கும் செயலிகள் இப்போது வந்துவிட்டன. வளைந்து நெளிந்த தமிழ் எழுத்தை அவை எப்போதும் சரியாகப் படிப்பதில்லை. படத்துக்குக் கீழே நாள், நேரம், இடம் மூன்றையும் டைப் செய்துவிட்டால் போதும். பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கடிதங்களும் பேசும் மென்பொருளுக்கு வெறும் உளறல்தான். யூனிகோடில் இருந்தால் படிக்கும். 2015இல் ஹான்ஸ் யோர்கன் விபெர்க் என்ற பார்வை குறைந்த டென்மார்க் மேசை நாற்காலித் தொழிலாளியின் யோசனையில் வந்த ‘பி மை ஐஸ்’ என்ற செயலியும் இருக்கிறது. பார்வையற்றவர் தன் போன் கேமராவைக் காட்ட, எங்கோ இருக்கும் தொண்டர் ஒருவர் மருந்துப் புட்டியின் தேதியைப் படித்துச் சொல்வார். வேலை முடிந்து அறையில் படுத்துக் கிடக்கும் நேரத்தில் செய்யக்கூடிய காரியம்.

ஆனால் புதியவருக்கு முதல் மாதத்தில் இந்தச் செயலியைக் காட்டக் கூடாது என்பது அண்ணாச்சியின் பிடிவாதம். “மொதல்ல அவரு விரலு படிக்கட்டும்” என்பார். இதில் குழுவிலேயே சிலருக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. மருந்து மாறிக் குடித்துவிட்டால் என்னாவது என்று கேட்கிறார்கள். அந்த வாதம் இன்னும் தீரவில்லை.

பத்தாம் வகுப்பு

தையல்காரரின் மகள் இப்போது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். கடைசி வருஷத்தில் அவள் பள்ளிக்கூடம் போகாத நாட்கள் மொத்தம் மூன்று. மூன்றும் அவளுக்கே காய்ச்சல் வந்த நாட்கள். தகப்பனார் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வருகிறார். கோல் பிடிக்க அவர் சம்மதித்தது போன் பழகி ஐந்து மாதம் கழித்துத்தான். மைத்துனரே வாங்கிக் கொடுத்தார். தெரு நுனி வரை போய், அங்கே நாலு பேர் தெரிந்தவர்கள் பேசும் குரல் கேட்டதும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிட்ட நாட்களும் உண்டு.

தையல் திரும்பி வரவில்லை. பழைய வாடிக்கைக்காரர்களிடமும் கம்பெனிகளிடமும் போனில் ஆர்டர் பிடித்து, இரண்டு பையன்களை வைத்து வேலை வாங்குகிறார். துணியைத் தடவிப் பார்த்துத் தையல் நேராக இருக்கிறதா என்று சொல்லிவிடுவாராம். வருமானம் முன்போல இல்லை. மனைவி இன்னும் பட்டன் வைக்கிறார்.

இரவு ஒன்பதரைக்கு மட்டும் அவர் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. அன்று வந்த புதியவர் தானேயில் ஒரு ஹோட்டலில் கல்லாவில் இருந்தவர், கண் நீர் அழுத்த நோயால் பார்வை இழந்தவர் என்று பிறகு தெரிந்தது. மூன்றாவது செய்தியும் பாதியில் அறுந்தது. நான்காவதில் வெறும் மின்விசிறிச் சத்தம். குழுவில் யாரும் பேசவில்லை, காத்திருந்தார்கள். சயான் கோலிவாடாவில் அண்ணாச்சி போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

ஐந்தாவது செய்தி வந்தது. “வணக்கம். தானேயிலேர்ந்து பேசறேன். கேக்குதா?”

“கேக்குது, கேக்குது” என்று ஏழெட்டுக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. தையல்காரர் குரல் கடைசியாக வந்தது. “நல்லாக் கேக்குது ஐயா. சாப்பிட்டாச்சா?”